ஒரு படித் தவிடும் ஒரு ரூபாயும்

அன்றைக்கு மாதா கோயில் படிக்கட்டில் இருந்தது ஆறு பேர். நான். என் தங்கை. தங்கையின் வீட்டுக்காரர். கோயிலைத் திறந்து கூட்டி மணியடிக்கிற கோயில்பிள்ளை. ரைஸ் மில்லிலிருந்து தவிடு கொண்டுவந்த அக்கா. பிறந்து பதினாறு நாளான பாப்பா. என் வீட்டுக்காரர் இல்லை. தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போயிருந்தார். சாமியாரும் இல்லை. அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் நாங்கள் போனோம்.

இந்தப் பட்டியலை நான் நான்கு தடவை எழுதியிருக்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அதற்குப் பிறகு பால் கணக்கு தவிர எதையும் எழுதாதவள், ஒரே விஷயத்தை நான்கு தடவை வெள்ளைத்தாளில் எழுத வேண்டி வந்தது. அதற்குக் காரணம் என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை.

என் தங்கைக்கு முதல் பிள்ளை ஏழாம் நாள் போனது. இரண்டாவது மூன்றாம் மாதம். மூன்றாவதாக இந்தப் பெண் பிறந்தபோது, தவிட்டுக்குக் கொடுத்துவிடச் சொன்னது மில் அக்காதான். பெற்றவள் பிள்ளையைத் தரையில் கிடத்துவாள். வேறொருத்தி ஒரு படித் தவிடும் ஒன்றேகால் ரூபாயும் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கையில் வாங்குவாள். அதிலிருந்து பேச்சுக்கு அது அவள் பிள்ளை. இந்தத் தாயின் பிள்ளைகளைத் தேடி வருகிற எதுவும், இது இவளுடையது இல்லை என்று தாண்டிப் போய்விடும். அப்புறம் பிள்ளையைப் பெற்றவளிடமே பால் கொடுக்கத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் பல தலைமுறையாக வேதக்காரர்கள். இதெல்லாம் கூடாது என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லத்தான் செய்வார். அதனால்தான் கோயில் படிக்கட்டிலேயே வைத்துச் செய்தோம். மாதாவும் பார்த்துக்கொள்ளட்டும், தவிடும் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

வாங்குகிறவள் நான்தான். என்னிடம் ஒரு ரூபாய்க் காசு இருந்தது. நாலணா யாரிடமும் இல்லை. கடைகளில் அதை வாங்குவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. சாங்கியம் குறைந்துவிடுமோ என்று நான் அங்கேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். என் தங்கை முந்தானையில் தவிட்டை வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

“நாலணா பாக்கியா இருக்கட்டும்க்கா. கடன் இருந்தாத்தான் நீ அடிக்கடி எட்டிப் பாப்ப.”

பாப்பாவுக்குப் பதினோரு மாதம் ஆனபோது தங்கை மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். பிள்ளையைத் தேடி ஒன்றும் வரவில்லை. தாயைப் பற்றி நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை.

முப்பதாம் நாள் முடிந்ததும் தங்கையின் வீட்டுக்காரர் பாப்பாவை என் மடியில் விட்டுவிட்டு நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனார். பிறகு அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். கெட்டவர் இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கவுன் வாங்கி அனுப்புவார். அது எப்போதும் போன வருஷத்து அளவாக இருக்கும்.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிள்ளை இல்லை. பாப்பா என்னை அம்மா என்றாள். நான் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சை வெட்டுக்குப் போகிற நாளெல்லாம் அவள் அங்கன்வாடியில் இருந்தாள். அங்கே ஒரு டீச்சர் இருக்கிறார். மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டுப் பதிவேட்டில் எழுதுவார், சத்துமாவு பாக்கெட் தருவார், தடுப்பூசி தேதி தள்ளிப்போனால் வீட்டுக்கே வந்து நிற்பார். பாப்பாவின் எடை இருநூறு கிராம் குறைந்த மாதம் நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டீச்சர்தான், தராசில் செருப்போடு நின்ற மாதத்தோடு செருப்பில்லாத மாதத்தை ஒப்பிட்டால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி என்னை அனுப்பினார்.

பாப்பாவுக்கு மூன்றரை வயதில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நர்ஸம்மா தாளை நீட்டி, பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். அம்மா என்றேன். ஆதார் கார்டில் அம்மா பெயர் வேறாக இருக்கிறதே என்றாள். காய்ச்சல் நான்காம் நாள் விட்டுவிட்டது. அந்தக் கேள்வி விடவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கேட்பார்கள். ரேஷன் கார்டில் கேட்பார்கள். நாளைக்கு அவள் அப்பா மனசு மாறி வந்து நின்றால், என் பிள்ளை என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

டீச்சர் சொன்னார், சொந்தக்காரப் பிள்ளையைத் தத்தெடுக்க அரசாங்கத்தில் வழி இருக்கிறது, விண்ணப்பம் போடலாம், பெற்ற தகப்பன் சம்மதிக்க வேண்டும், மாவட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், கடைசியில் கலெக்டர் உத்தரவு போடுவார் என்று. எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன்.

“பயந்துக்கிட்டே போடுங்கக்கா. யாரு வேணாங்கிறது.”

பயந்துகொண்டே போட்டேன். உத்தமபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் விண்ணப்பம் ஏற்றினோம். பாப்பாவின் அப்பா போனில் சரி மதினி என்றார். கையெழுத்துக்கு அப்புறம் வருவதாகச் சொன்னார்.

வீடு பார்க்க வந்தது ஒரு சின்ன வயசு அதிகாரி. வேலூர்ப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து ஆறு மாதம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் அதற்கு முன்னால் மூன்று நாள் வீட்டைக் கழுவியிருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் புதிதாக மூடி போட்டிருந்தேன். அரிவாள்மனையைப் பரணில் ஏற்றிவிட்டதால் அன்றைக்குக் காய் நறுக்காமல் பருப்பு மட்டும் வைத்தேன். டீச்சரும் என் வீட்டுக்காரரும் கூட இருக்க, அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தாள். பாப்பா அவள் பேனாவைக் கேட்டாள், அவளும் கொடுத்தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், பாப்பா உங்களிடம் எப்படி வந்தாள் என்று ஒரு கேள்வி கேட்டாள்.

ஒன்றும் விட்டுப்போய்விடக் கூடாது என்று நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

“இவ நான் தவிட்டுக்கு வாங்குன பிள்ள மேடம்.”

அதிகாரி பாப்பாவிடமிருந்து பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

“வாங்கினீங்களா? யார்கிட்ட?”

“எந்தங்கச்சிகிட்ட.”

“எவ்வளவுக்கு?”

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமே என்பதுதான் அப்போது என் மனதில் இருந்தது. “ஒரு படித் தவிடு, ஒரு ரூவா மேடம். நாலணா பாக்கி.”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார், அது இன்னும் கெடுத்தது. அந்தப் பெண்ணின் ஊரில் இந்தச் சாங்கியம் இல்லை போலிருக்கிறது. தவிடு என்பதே ஏதோ புரோக்கர்கள் பேசுகிற ரகசிய வார்த்தை என்று நினைத்துவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் விளக்க ஆரம்பித்தோம். மூன்று பேர் சேர்ந்து விளக்கினால் எதுவும் பொய் மாதிரித்தான் கேட்கும். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: தத்து கொடுப்பதில் பணம் கை மாறவே கூடாது, ஒரு ரூபாயானாலும் லட்ச ரூபாயானாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். இதை அவள் குழந்தைகள் நலக் குழுவிடம் சொல்லியாக வேண்டும். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை பிள்ளையோடு தேனிக்கு வர வேண்டும். விசாரணை முடிகிறவரை பிள்ளை ஒரு காப்பகத்தில் இருக்கட்டும் என்று குழு சொன்னாலும் சொல்லலாம். அதட்டிச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னதால் பேச முடியவில்லை.

அந்தப் பெண் செய்தது தப்பு என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். கடனுக்காகக் கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போன ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்கும் இப்படி ஒருத்தி வந்து, எவ்வளவுக்கு என்று கேட்டு எழுதியிருக்க வேண்டும். யாரும் வரவில்லை. வாங்கினேன் என்று ஒருத்தி சொல்லும்போது பேனாவை எடுக்காத அதிகாரியை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு என்ன பிரயோசனம்?

ஆனால் இது என் பிள்ளை.

வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். “வெளாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிரு. எல்லா வீட்லயும் பிள்ளயக் கேலி பண்றதுதான, உன்னயத் தவிட்டுக்கு வாங்குனோம்னு. எங்கப்பன் என்னயச் சொல்லாத நாளு இல்ல.”

டீச்சரும் அதுதான் நல்லது என்றார். இரண்டு பேரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். நான் ஒரு நாள் முழுக்க யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிட்டே பயப்படுகிறவள் நான். பொய்யைச் சொல்லிவிட்டு, கலெக்டர் உத்தரவை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, அதற்கு அடியில் அந்தப் பொய் இருக்கிறது என்று தெரிந்து எத்தனை வருஷம் என்னால் இருக்க முடியும்? நடந்ததை நடந்தபடி எழுதி, அன்றைக்கு இருந்த எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவது என்று முடிவு செய்தேன். இருந்தவர்கள் ஆறு பேர். ஒருத்தி இல்லை. ஒருத்திக்கு இன்னும் கையெழுத்துப் போடுகிற வயசு ஆகவில்லை. நானே எழுதுகிறவள். மீதி மூன்று பேர்.

ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்களிடம் போகவில்லை. அவர்கள் எழுதினால் அழகாக இருக்கும், நான் சொன்னது இருக்காது. நானே எழுதினேன். முதல் தாளில் தங்கையின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, கிழித்தேன். இரண்டாவது தாளில் தேதி தப்பு. மூன்றாவது தாளை எடுத்துக்கொண்டு மில் அக்காவிடம் போனேன்.

அவள் தவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்து முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒரு இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

“படின்னு மொட்டையா எழுதியிருக்க. தல தட்டிக் குடுத்தேனா, குமிச்சுக் குடுத்தேனா?”

“குமிச்சுத்தான் குடுத்தீக.”

“அப்ப அத எழுதுத்தா. அரசாங்கத்துக் காயிதத்துல எம்பேரு கெட்டுப்போகக் கூடாது.”

குமித்து என்று சேர்த்தேன். கையெழுத்துப் போட்டாள்.

கோயில்பிள்ளை அவ்வளவு லேசில் மசியவில்லை. கோயில் படிக்கட்டில் தவிடு அளக்க விட்டது தெரிந்தால் சாமியார் தன்னைச் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிடுவார் என்று பயந்தார். கோயிலுக்கு வெளியே, ரோட்டில் நடந்தது என்று எழுதிக்கொண்டு வா, போடுகிறேன் என்றார். முடியாது என்றேன். அவர் பூட்டைப் பூட்டித் திறந்து, திறந்து பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நானும் நகரவில்லை. மறுநாள் விடியற்காலைப் பூசைக்கு முன்னால் போய் நின்றேன். சாயந்திரமும் போய் நின்றேன். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

“எந்தப் படியில வச்சு அளந்தீக?”

“கடேசிப் படியில.”

“அப்ப கடேசிப் படின்னு தெளிவா எழுது. ரோடு போடும்போது அந்தப் படிய அவுகதான் கட்டிக் குடுத்தாக. அது பஞ்சாயத்துப் படி.”

கடைசிப் படி என்பது உண்மைதான். அது யார் படி என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. எழுதினேன், போட்டார். இந்தத் திருத்தங்களில் மூன்றாவது தாள் அலங்கோலமாகிவிட்டது. நான்காவது தாளில் சுத்தமாக எழுதி இரண்டு பேரிடமும் மறுபடி வாங்கினேன். கோயில்பிள்ளை இரண்டாம் தடவை கண்ணாடி போடாமலே கையெழுத்துப் போட்டார்.

பாப்பாவின் அப்பாவைத்தான் பிடிக்க முடியவில்லை. இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் அங்கே கட்டிக்கொண்ட பெண் எடுத்து, தோட்டத்தில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். சனிக்கிழமை காலையில் நான் பாப்பாவை டீச்சர் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். கம்பத்தில் ஜீப் ஏறினேன். கம்பம்மெட்டு வளைவுகளில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ஜெபம் சொன்னேன். ஜெபம் முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது.

அவர் வீட்டு முற்றத்தில் ஏலக்காய்ச் சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். என் பின்னால் பார்த்தார். கோணூசி கையிலேயே இருந்தது.

“மதினி, பிள்ளய விட்டுட்டுப் போக வந்தீகளா?”

அதில் இருந்தது பயமா ஆசையா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. அவர் மனைவி கதவோரத்தில் நின்றிருந்தாள். வயிறு ஏழு மாதம் இருக்கும். இரண்டு நாளாகப் போனை எடுக்காததற்குக் காரணம் புரிந்தது. ஆபீஸிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். பிள்ளையைத் தன்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துவிட்டார்.

“விட வரல. கேக்க வந்தேன்,” என்றேன்.

அவர் உட்கார்ந்தார். நான் தாளை வாசித்தேன். தங்கை சிரித்த இடம் வந்தபோது அவர் சாக்கின் தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைத்தார். அந்தப் பெண் எனக்குக் கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள். அவள்தான் முதலில் பேசினாள், தேனிக்குப் போய்ட்டு வாங்க என்று, அவரிடம். அவர் தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு, “எங்கன ஒப்பு வைக்கணும்?” என்றார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை நேரிலும் வருவதாகச் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஜீப் இறங்குகிற வழியெல்லாம் வரமாட்டார் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் எங்களுக்கு முன்னாலேயே தேனிக்கு வந்து வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு கவுன். இந்தத் தடவை பெரிய அளவு.

உள்ளே ஒரு நீள மேசை. நடுவில் வயதான அம்மா ஒருவர், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர், ஓரத்தில் எங்கள் அதிகாரி. பாப்பா என் முந்தானையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். நான் கைப்பையில் பாப்பாவுக்கு ஒரு மாற்று உடுப்பும் அவள் போர்வையும் வைத்திருந்தேன், காப்பகம் என்று சொல்லிவிட்டால் அதில்லாமல் தூங்கமாட்டாள் என்று. வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை.

நடுவில் இருந்த அம்மா என் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு டீச்சர் நகலெடுத்துக் கொடுத்திருந்த பதிவேட்டுப் பக்கங்களைப் பார்த்தார். பதினோராம் மாதத்திலிருந்து முப்பத்தேழு மாத எடை, ஒரு மாதம்கூட விடாமல். பாப்பாவின் அப்பாவைப் பார்த்து, பணம் வாங்கினீர்களா என்று கேட்டார்.

“ஒரு ரூவா வாங்குனா மேடம், என் சம்சாரம்.”

“அதை என்ன செஞ்சீங்க?”

“மாதாவுக்கு மெழுகுவத்தி வாங்கிக் கொளுத்துனோம். பத்து ரூவா. மிச்சம் ஒம்பது நான் போட்டேன்.”

மேசையின் ஓரத்தில் ஒருவர் குனிந்துகொண்டார். நடுவில் இருந்த அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, எழுதியிருப்பதெல்லாம் சரி, அந்த வாங்கினேன் என்ற வார்த்தைதான் கோப்பில் உறுத்தும், அதை அடித்துவிட்டுப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுங்களேன் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதிகாரி எனக்குப் பேனாவை நீட்டினாள்.

பேனாவை வாங்கினேன். ஆனால் எழுதவில்லை.

“பெத்துக்கிட்டேன்னு எழுதுனா பொய்யாயிரும் மேடம். பெத்தது எந்தங்கச்சி. நான் கையிலதான் வாங்குனேன். அந்த வார்த்த இருக்கட்டும். அதுக்கு என்ன செய்யணுமோ சொல்லுங்க, செஞ்சிர்றேன்.”

அப்போது எங்கள் அதிகாரி பேசினாள். தான் அந்த வீட்டில் கேட்ட எந்தக் கேள்விக்கும் இந்தம்மா எதையும் மறைக்கவில்லை, தான் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார் என்றாள். தன் அறிக்கையிலும் அப்படியே எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

பிள்ளை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதினார்கள். கோப்பு மேலே போனது. ஏழு மாதம் ஆனது. அதற்குள் என் வீட்டுக்காரரின் வருமானச் சான்று ஒருமுறை காலாவதியானது, என் ரத்தப் பரிசோதனைத் தாள் ஒருமுறை காணாமல் போனது. ஒவ்வொன்றுக்கும் நான் பஸ் ஏறிப் போய் நின்றேன். போன மாதம் கலெக்டரின் உத்தரவு வந்தது. ஐந்து நகல் எடுத்துப் பிளாஸ்டிக் உறை போட்டு ஐந்து இடத்தில் வைத்திருக்கிறேன். ஒன்று அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. பாப்பா ஜூன் மாதம் பள்ளிக்கூடம் போகிறாள். தாய் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். அவளைப் பெற்றவள் யார் என்று அவளுக்குத் தெரியும். படத்துக்குப் பூ வைப்பது அவள்தான்.

அன்றைக்கு அந்த மேசையில் கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. கொடுக்கல் வாங்கல் எதுவும் மீதி இல்லை என்று தாளின் அடியில் ஒரு வரி எழுதச் சொன்னார்கள். நான் எழுதாமல் நின்றேன். பாப்பாவின் அப்பா புரிந்துகொண்டு, “அந்த நாலணாவத் தள்ளிருங்க மதினி,” என்றார். தள்ளுவதற்கு அது அவருடைய கடன் இல்லை என்றேன். நடுவில் இருந்த அம்மா, அது செல்லாத காசாயிற்றே என்றார். செல்லாவிட்டாலும் பாக்கி பாக்கிதான் மேடம் என்றேன். அவர் அப்போதுதான் சிரித்தார், அதையும் எழுதுங்கள் என்றார்.

எழுதினேன். உத்தரவோடு சேர்த்து அந்தத் தாளின் நகலும் அரிசி டிரம்மில் இருக்கிறது. பாப்பாவின் அப்பாவுக்கு நான் தர வேண்டியது எதுவும் இல்லை. என் தங்கைக்குத் தர வேண்டியது, இருபத்தைந்து காசு.